கணக்கை வெறுக்க யார் கற்றுத் தந்தது?

மாலை நாலரை மணிக்கு மதுரை கோரிப்பாளையம் சிக்னல் பள்ளிக்கூடப் பைகளால் நிரம்பிவிடுகிறது. ஓ.சி.பி.எம். பள்ளிப் பெண்கள், செல்லூருக்கும் மதிச்சியத்துக்கும் ஆழ்வார்புரத்துக்கும் நடையைக் கட்டும் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள், அமெரிக்கன் கல்லூரியிலும் மீனாட்சி அரசு மகளிர் கல்லூரியிலும் படிக்கும் அண்ணன் அக்காமார் என்று எல்லோரும் அங்கே கூடுகிறார்கள். இந்தக் கூட்டத்தின் பேச்சில் பாடம் அடிபடுவது அபூர்வம். ஆசிரியர்தான் அடிபடுவார். "கெமிஸ்ட்ரி மிஸ் நல்லாப் பேசுவாங்கடி, அதனாலேயே கெமிஸ்ட்ரி புடிக்கும்" என்கிறாள் ஒருத்தி. "கணக்கு சாரு பேரைச் சொன்னாலே வயித்தைக் கலக்குதுடா" என்கிறான் ஒருவன். ஒரு பாடத்தின் மீதான விருப்பும் வெறுப்பும் அதைக் கற்பித்த மனிதர் வழியாகத்தான் பிள்ளைக்குள் இறங்குகிறது என்பதை இந்த வயதினருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரியவர்களாகிய நாம்தான் அதை மறந்துவிட்டு, "அவனுக்குக் கணக்கு மண்டையில ஏறாது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

ஆசிரியர் நடத்தும் விதம் பிள்ளையின் படிப்பு ஆசையை எவ்வளவு தூரம், எந்த வழியில் தீர்மானிக்கிறது? இதற்கு விடை தேட நம்மிடம் வரலாறு இருக்கிறது, ஆய்வுகள் இருக்கின்றன, சட்டமும் இருக்கிறது. மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்: பிரம்பைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். பிரம்பைக் கீழே வைத்த பிறகும் வகுப்பறையில் மிச்சமிருக்கும் ஒன்றைப் பற்றி, அதாவது 'உன்னால் முடியாது' என்று ஆசிரியர் மனத்தில் முன்கூட்டியே எழுதி வைத்துவிடும் முடிவைப் பற்றி, போதுமான அளவு பேசவில்லை.

பிரம்பின் கதை பழையது. பெல்லாரி கலெக்டராக இருந்த கேம்ப்பெல், 1823இல் சென்னை மாகாண அரசுக்கு அனுப்பிய அறிக்கையில் அந்த வட்டாரத்து நாட்டுப் பள்ளிக்கூடங்களின் காலை நேரத்தை விவரித்திருக்கிறார். முதலில் வந்து சேரும் பையனின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயரை எழுதுவார்கள், அது பெருமை. இரண்டாவதாக வருபவனுக்கு ஒரு சுழியம்; புகழும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அதற்குப் பின் வருபவர்களுக்கு ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போகும். படிப்பில் எந்தத் தவறும் செய்வதற்கு முன்பே, வாசலிலேயே, பெரும்பாலான பிள்ளைகள் அடிவாங்கிக்கொண்டுதான் உள்ளே போயிருக்கிறார்கள். நம் ஊர்த் திண்ணைப் பள்ளிகளிலும் பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் ஏற்றுவதும் சட்டாம்பிள்ளையை விட்டு அடிக்கச் சொல்வதும் வழக்கத்தில் இருந்தவையே.

அதே மரபுக்குள் இன்னொரு குரலும் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பவணந்தி முனிவரின் நன்னூல், இலக்கணத்துக்குள் நுழையும் முன்பாகவே ஆசிரியர் என்பவர் யார், யார் ஆசிரியர் ஆகமாட்டார் என்று பேசுகிறது. ஆகாதவர்களுக்கு அது காட்டும் உவமைகளில் ஒன்று முடத்தெங்கு. ஒருவன் தண்ணீர் ஊற்றி வளர்க்க, அந்த வளைந்த தென்னை பக்கத்து வீட்டுக்குத் தேங்காய் தள்ளும். எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் கடமைப்பட்டவர், தனக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும் பாடம் நடத்தும் பாரபட்சத்துக்கு இதைவிடக் கச்சிதமான படம் எனக்குத் தெரியவில்லை. மாணவர் வகைகளைப் பட்டியலிடுவதில் அதே நூல் காட்டும் கறார் வேறு விஷயம். ஆனால் விசாரணையை ஆசிரியரிடமிருந்து தொடங்க வேண்டும் என்ற ஒழுங்கு அதில் இருக்கிறது. நாம் விசாரணையைப் பிள்ளையிடமிருந்து தொடங்குகிறோம்.

சட்டத்தைப் பொறுத்தவரை தமிழ்நாடு முந்திக்கொண்ட மாநிலம். தமிழ்நாடு கல்வி விதிகளில் 51ஆம் விதியைத் திருத்தி, 2003இலேயே பள்ளியில் உடல் தண்டனை தடை செய்யப்பட்டது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு மன ரீதியான துன்புறுத்தலையும் சேர்த்துத் தடுத்தது. இடையில், 2007இல் ஒன்றிய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி வெளியிட்ட ஆய்வில், பள்ளி செல்லும் பிள்ளைகளில் மூன்றில் இருவர் பள்ளியில் அடி வாங்கியதாகச் சொன்னார்கள். பழைய ஆந்திரப் பிரதேசத்தில் ஒரே பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த 'யங் லைவ்ஸ்' ஆய்வில், எட்டு வயதுக் குழந்தைகளில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் முந்திய ஒரு வாரத்துக்குள் ஆசிரியரிடம் அடி வாங்கியிருந்தார்கள். இந்தியா உட்பட நான்கு நாடுகளில் நடந்த அந்த ஆய்வில், பள்ளி பிடிக்கவில்லை என்பதற்குப் பிள்ளைகள் சொன்ன காரணங்களில் முன்னால் நின்றது பள்ளியில் சந்திக்கும் வன்முறைதான். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பாடத்திட்டத்தின் தரம் தெரியாது. கை எரிவது தெரியும்.

இந்தச் சட்டங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் மதுரைப் பக்கம் முதலில் வரும் எதிர்ப்பு பெற்றோரிடமிருந்துதான். "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மத்ததையெல்லாம் உரிச்சிருங்க சார்" என்று பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தப் பேச்சில் அன்பு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தறியிலும் மூட்டை சுமப்பதிலும் தேய்ந்த ஒரு தகப்பன், தன் பிள்ளை தன்னைப்போல் ஆகிவிடக் கூடாது என்ற பதற்றத்தில் ஒப்படைக்கும் வார்த்தை அது. கூடவே இன்னொரு வாதமும் வரும்: "அன்னைக்கு வாத்தியார் அடிச்சதாலதான் இன்னைக்கு நான் ஆபீசர்."

இந்த வாதத்தை மரியாதையோடு எடுத்துக்கொண்டே மறுக்க வேண்டியிருக்கிறது. அடி வாங்கியும் படித்து மேலே வந்தவர்தான் மேடையேறி இதைச் சொல்ல முடியும். அதே வகுப்பில் அதே பிரம்புக்குப் பயந்து ஏழாம் வகுப்போடு நின்றுபோனவர் ஏதோ ஒரு பட்டறையிலோ டீக்கடையிலோ இருப்பார். அவரை யாரும் பள்ளி ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டு, "நீங்கள் ஏன் படிக்கவில்லை?" என்று கேட்பதில்லை. பிரம்புக்கு ஆதரவாகக் கிடைக்கும் சாட்சிகள் எல்லோரும் தப்பிப் பிழைத்தவர்கள்.

பிரம்பை ஆதரிப்பவர்கள் அடிக்கடி சொல்லும் உதாரணம் அப்துல் கலாம். நம் பக்கத்துக்காரர் என்பதால் அவர் பள்ளிப் பருவத்தைச் சற்று நிதானமாகவே பார்க்கலாம். அவரே தன் வரலாற்றில் எழுதியதுதான். இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில், இராமகிருஷ்ண ஐயர் வேறொரு வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது கலாம் தெரியாமல் உள்ளே நுழைந்துவிட்டார். ஐயர் அவர் கழுத்தைப் பிடித்து எல்லோர் முன்னாலும் பிரம்பால் அடித்தார். பல மாதங்கள் கழித்துக் கலாம் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கியதும், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அந்தச் சம்பவத்தை எடுத்துச் சொல்லி, தன்னிடம் அடி வாங்கியவன் பெரிய ஆளாவான் என்று அதே ஆசிரியர் பெருமைப்பட்டுக்கொண்டார். இவ்வளவுதான் பொதுவாகச் சொல்லப்படுகிறது.

அதே புத்தகத்தில் அதற்கு முன்னால் நடந்த ஒன்று இருக்கிறது. இராமேஸ்வரத்துத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது புதிதாக வந்த ஓர் ஆசிரியருக்கு, பூணூல் போட்ட அர்ச்சகர் மகனும் தொப்பி போட்ட இஸ்லாமியப் பையனும் முன்வரிசையில் சேர்ந்து உட்கார்ந்திருப்பது பொறுக்கவில்லை. கலாமைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். நண்பன் இராமநாத சாஸ்திரி கண் கலங்கிய காட்சி பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் தன் மனத்தை விட்டுப் போகவில்லை என்கிறார் கலாம். நண்பனின் தந்தை, கோயிலின் தலைமை அர்ச்சகர் லட்சுமண சாஸ்திரி, அந்த ஆசிரியரை வரவழைத்துப் பிஞ்சு மனங்களில் விஷத்தை விதைக்காதீர்கள் என்று நேருக்கு நேர் கண்டித்தார். ஆசிரியர் வருந்தினார், மாறவும் செய்தார். அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் பையனைத் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப்போய், எதிர்த்த மனைவியையும் மாற்றினார். பிறகு சுவார்ட்ஸ் பள்ளியில் அய்யாதுரை சாலமன் என்ற ஆசிரியர் ஆசை, நம்பிக்கை, எதிர்பார்ப்பு ஆகிய மூன்றையும் கைக்கொள்ளச் சொல்லித்தந்தார். தன்னை உருவாக்கியவர்களாகக் கலாம் நன்றியோடு விரிவாக எழுதுவது இந்த ஆசிரியர்களைப் பற்றி. பிரம்படி ஓர் இடைச் சம்பவம். ஒரே பிள்ளைப்பருவத்தில் ஓர் ஆசிரியர் இடத்தைப் பறித்தார், ஒருவர் அடித்தார், இன்னும் இருவர் நம்பினார்கள். விளைச்சலை மட்டும் அடித்தவர் கணக்கில் எழுதுவது நியாயமா?

அந்த 'எதிர்பார்ப்பு' என்ற சொல்லை ஆய்வாளர்களும் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் ரோசென்தாலும் ஜேக்கப்சனும் 1968இல் வெளியிட்ட ஆய்வு உலகப் புகழ் பெற்றது. சான் பிரான்சிஸ்கோ பகுதியின் ஒரு தொடக்கப் பள்ளியில், சில பிள்ளைகளின் பெயரைக் கொடுத்து, இவர்கள் இந்த ஆண்டு நன்றாக மேலே வருவார்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். உண்மையில் அந்தப் பெயர்கள் குலுக்கிப் போட்டு எடுத்தவை. ஆண்டு முடிவில் முதலிரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைக் காட்டிலும் முன்னேறியிருந்தார்கள். இந்த ஆய்வின் முறையைப் பலர் கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள். அந்த விமர்சனம் சரியானதே. பின்னால் வந்த ஆய்வுகளில் எதிர்பார்ப்பின் பாதிப்பு பொதுவாகச் சிறிதாகத்தான் வெளிப்பட்டது. ஆனால் சமூகத்தில் ஏற்கெனவே தாழ்த்தி வைக்கப்பட்ட பிள்ளைகளிடம் அது பெரிதாக இருக்கிறது என்ற சேதியும் அதே ஆய்வுகளில்தான் வந்தது. நம் ஊருக்கு வேண்டியது இந்த இரண்டாம் பாதி. 2011இல் ரூர்டாவும் சக ஆய்வாளர்களும் 99 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆசிரியருக்கும் மாணவருக்கும் உள்ள உறவு மதிப்பெண்ணைத் தொடுவதைவிட, படிப்பில் பிள்ளை காட்டும் ஈடுபாட்டை அதிகமாகத் தொடுவது தெரிந்தது. மார்க் பிறகு வருகிறது. ஆசை முதலில் வருகிறது, அல்லது போகிறது.

எதிர்பார்ப்பு என்பது ஆசிரியர் வாயால் சொல்லும் வாக்கியமாக எப்போதும் வருவதில்லை. ஒன்பதாம் வகுப்பு, கணக்குப் பாடவேளை. "ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர் என்ன?" கடைசி பெஞ்சில் ஒருவனை எழுப்புகிறார் சார். அவன் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டு, கரும்பலகையைப் பார்க்கிறான். "ஏ ஸ்கொயர் பிளஸ்..." என்று உதடு அசைவதற்குள் முதல் பெஞ்சில் நாலு கை, "சார்! சார்!" "நீ உக்காரு. நீ சொல்லும்மா." முழுதாக இரண்டு வினாடிகூட ஆகியிருக்காது. சார் திட்டவில்லை, அடிக்கவில்லை, கேலி செய்யவில்லை. எந்த அதிகாரி வந்து பார்த்தாலும் நல்ல வகுப்பு என்றுதான் எழுதுவார். ஆனால் அந்தக் கேள்வி தனக்காகக் கேட்கப்பட்டது இல்லை என்று அவன் தெரிந்துகொண்டான். ஒரு நாளுக்கு எட்டு பீரியட், ஓர் ஆண்டுக்கு இருநூறு நாள் என்று இது நடந்தால், பத்தாம் வகுப்புக்கு வரும்போது அவன் முயற்சி செய்வதை நிறுத்தியிருப்பான். நாம் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைப்போம்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் இதை அளந்தே பார்த்துவிட்டார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். 'மந்தம்' என்று தாங்கள் கருதிய பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. மூன்று வினாடி காத்திருக்கப் பழக்கியதும் பதில்கள் நீண்டன, "தெரியாது" என்பது குறைந்தது, அதுவரை வாய் திறக்காத பிள்ளைகள் பேசினார்கள். காசு செலவில்லாத, அரசாணை தேவைப்படாத மாற்றம் இது. நோட்டுத் திருத்துவதும் இப்படியே. பக்கத்தின் அடியில் படிக்காமலே போடும் சிவப்பு டிக் ஒன்று. மூன்றாவது படியில் குறி மாறிவிட்டது என்று அந்த இடத்திலேயே வைக்கும் சின்ன வட்டம் இன்னொன்று. இரண்டாவதைப் பார்க்கும் பிள்ளைக்குத் தன் கணக்கை ஒருவர் உட்கார்ந்து படித்திருக்கிறார் என்பது புரியும்.

திட்டும் ஆசிரியரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். "நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு", "பரோட்டாக் கடைக்குப் போ", "ஒங்க அப்பன் புத்திதானே ஒனக்கும்" இவையெல்லாம் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கும் மனத் துன்புறுத்தலே. நான் கூடுதலாகக் கவலைப்படுவது இரக்கப்படும் ஆசிரியரைப் பற்றி. நம் பள்ளிகளில் 'மெல்லக் கற்போர்' என்று ஒரு பிரிவு உண்டு. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பெயர்ப் பட்டியல் எடுத்து, மாலை சிறப்பு வகுப்பு வைத்து, தேர்ந்தெடுத்த சில கேள்விகள் மட்டும் உள்ள கையேட்டைக் கையில் கொடுப்பார்கள். "இதை மட்டும் மனப்பாடம் பண்ணிரு, முப்பத்தஞ்சு வந்துரும்." சொல்பவர் நல்லவர். சனிக்கிழமையும் வந்து உட்கார்ந்து, சில சமயம் தன் காசில் பிஸ்கட் வாங்கிக் கொடுத்துப் படிக்க வைப்பவர். ஆனால் பிள்ளைக்குப் போய்ச் சேரும் சேதி, முழுப் பாடமும் உனக்கானதில்லை என்பது. தேர்ச்சியோடு இந்தத் தீர்ப்பையும் சேர்த்து வாங்கிக்கொண்டு அது வெளியே போகிறது. அடிக்காத, திட்டாத, அதே நேரம் எதையும் எதிர்பார்க்காத கனிவு படிப்பு ஆசையைக் கொல்ல வல்லது. பிள்ளைகள் விரும்பும் ஆசிரியர்களைக் கவனித்தால் பலர் கண்டிப்பானவர்களாகவே இருப்பார்கள். கண்டிப்பு அவமானமாக மாறாத இடத்தில் பிள்ளை அதைத் தன் மீதான அக்கறையாகவே எடுத்துக்கொள்கிறது.

இந்த மண்ணில் சாதியைத் தொடாமல் இந்தப் பேச்சு நேர்மையாக முடியாது. ஹாஃப், பாண்டே என்ற இரு பொருளியலாளர்கள் 2000களின் தொடக்கத்தில் உத்தரப் பிரதேசத்துக் கிராமங்களில் 6, 7ஆம் வகுப்புப் பையன்களுக்குப் புதிர்வழிப் படங்களைக் கொடுத்துத் தீர்க்கச் சொன்னார்கள். யார் என்ன சாதி என்று அறிவிக்காதபோது, தாழ்த்தப்பட்ட சாதிப் பையன்களும் மற்றவர்களும் ஒரே அளவில் தீர்த்தார்கள். பெயரோடு சாதியையும் உரக்க வாசித்தபின், தாழ்த்தப்பட்ட பையன்கள் தீர்த்த எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. அதே பிள்ளைகள், அதே புதிர்கள். தன்னை எடைபோடுபவர் நியாயமாகப் போடமாட்டார் என்ற எண்ணம் வந்தாலே கை தளர்ந்துவிடுகிறது. உதவித்தொகைப் படிவத்துக்காக வகுப்பு நடுவில் "எஸ்.சி. பிள்ளைங்கள்லாம் எந்திரிங்க" என்று சொல்லும் ஆசிரியர், மனத்தில் வன்மம் இல்லாமலேயே இந்தச் சோதனையைத் தினமும் திரும்ப நடத்திக்கொண்டிருக்கிறார்.

மதுரைக்கு இதில் ஒரு தனி வரலாறு உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்ப் பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதையும் பிறவிக் குற்றவாளிகள் என்று பதிவு செய்த அதே அரசு, 1920 ஏப்ரல் 3 பெருங்காமநல்லூர் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் அவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிகளையும் திறந்தது. அந்தக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கின்றன. அவற்றில் படித்து ஆசிரியராகவும் அலுவலராகவும் ஆனவர்கள் ஏராளம். காவல் நிலையத்துக் கைரேகைப் பதிவேடு ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னதை, கரும்பலகை முன் நின்ற யாரோ ஓர் ஆசிரியர் நம்ப மறுத்திருந்தால் மட்டுமே இது நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டபின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் சாதிக் கயிறுகளைத் தடுப்பது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது ஆகியவற்றோடு, பிள்ளைகளைப் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. உட்காரும் இடம் இவ்வளவு பெரிய அறிக்கைக்குள் வருகிறதே என்று சிலர் வியந்தார்கள். இராமேஸ்வரத்துக் கடைசி வரிசை நினைவிருந்தால் வியப்பு வராது.

நல்ல பக்கத்திலும் தமிழ்நாட்டுக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமாரின் முயற்சியில், ரிஷி வேலி பள்ளியின் அனுபவத்தை அடியொற்றிச் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்குப் பரவியது. அதில் பயன்பட்ட கற்றல் அட்டைகளையும் ஏணிப்படிகளையும் பற்றி அப்போது நிறைய விவாதம் நடந்தது. எனக்கு முக்கியமாகப் பட்டவை இரண்டு: ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கிப் பாயில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார், சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. பிறகு அது சடங்காகத் தேய்ந்த இடங்கள் உண்டு. ஆனாலும் ஆசிரியர் குனிந்து பிள்ளையின் முகத்துக்கு நேரே பேசுவதை ஓர் அரசுத் திட்டமே வழக்கமாக்கியது சாதாரணமில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தையும் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். வெறும் வயிற்றோடு வந்து பத்து மணிக்குத் தலை சாயும் பிள்ளையை 'தூங்குமூஞ்சி' என்று திட்டும் தேவையே அது இருக்கும் இடத்தில் இல்லாமல் போகிறது.

கடைசியாக ஆசிரியர்கள் பக்கம். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இந்தக் கட்டுரையை எழுதவில்லை. பள்ளித் தகவல்களுக்கான எமிஸ் செயலியில் தினம் ஏற்ற வேண்டிய பதிவுகள், தேர்தல் பணி, நாற்பது ஐம்பது பேர் நெருக்கியடிக்கும் அறை, போதைப் பழக்கம் எட்டிப்பார்க்கும் வகுப்புகள், கைநீட்டிப் பேசும் பையன்கள். 2022இல் ஆசிரியரை மிரட்டும் மாணவர்களின் காணொளிகளைப் பார்த்து மாநிலமே பதறியது. அதே ஆண்டு, காலிப் பணியிடங்களில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை மாதம் 7,500 முதல் 12,000 ரூபாய் தொகுப்பூதியத்துக்கு எடுக்க அரசு முடிவு செய்ததும், மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரை வழக்குப் போனது. நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம், ஒவ்வொரு பிள்ளையின் எதிர்காலத்தையும் நம்பு என்று கேட்கிறோம். தேர்வு முடிவு வந்ததும் நடக்கும் ரிவ்யூ கூட்டத்தில், விழுக்காடு குறைந்த பள்ளியின் தலைமையாசிரியரை எல்லோர் முன்னாலும் எழுப்பி நிற்க வைத்துக் கேட்கிறார்கள். மறுநாள் அவர் பாட ஆசிரியர்களை எழுப்பி நிற்க வைக்கிறார். அடுத்த பீரியட் அது கடைசி பெஞ்சுக்கு வந்து சேர்கிறது.

நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்ற பிளக்ஸ் போர்டுக்காக, ஒன்பதாம் வகுப்பிலேயே 'தேறாது' என்று முடிவு கட்டி, பெற்றோரைக் கூப்பிட்டு டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்லும் பழக்கம் இந்தச் சங்கிலியின் மிகக் கொடிய கண்ணி. அடி வாங்கிய பிள்ளையாவது பள்ளிக்குள் இருக்கிறது. ரிவ்யூ கூட்டத்தில் தேர்ச்சி விழுக்காட்டுக்கு முன்பாக வேறொரு எண்ணைக் கேட்கச் சொல்கிறேன்: இந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இங்கிருந்தே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள்? நடுவில் போனவர்கள் எங்கே போனார்கள்? ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் எண் இருக்கிறது. அவ்வையார், காக்கைப்பாடினியார், வெள்ளிவீதியார், மாசாத்தியார் என்று சங்கப் புலவர் பெயர்களைப் பெண்கள் பள்ளிகளுக்குச் சூட்டிய மதுரை மாநகராட்சி, தன் அறுபதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை உள்ளவற்றுக்கு இந்தக் கணக்கை எடுத்து வார்டு வாரியாக வெளியிடலாம். புதிய திட்டமோ நிதியோ இதற்கு வேண்டாம். அடுத்த ஜூனில் பள்ளி திறப்பதற்குள் செய்து முடிக்கக்கூடிய வேலை.